வடகம் காய்கிறது

முத்தியால்பேட்டை,
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா நலம். சுகர் கட்டுக்குள் இருக்கிறது. அத்தைக்குத்தான் முழங்கால் வலி. நீ போன் செய்து நாலு மாசம் ஆகிறது. வேலை அதிகமாக இருக்கும், தெரியும். சித்திரையிலும் அங்கே குளிர் விடாது, கழுத்தைச் சுற்றிக்கொள்ளாமல் மெத்ரோவுக்கு ஓடாதே.

நேற்று பிரெஞ்சு சேனலில் பாரிஸ் மொன்சோ தெரு மியூசியம் வீட்டைக் காட்டினார்கள். 18 வருஷம் நான் கார்தியனாக, காவலுக்கு, நின்ற வீடு. அத்தையைக் கூப்பிட்டு, இந்தக் கதவோரம்தான் என் இடம் என்றேன். "உட்கார நாற்காலி கொடுத்தார்களா?" என்று கேட்டாள். வீடு நிறைய நாற்காலி, ஒன்றிலும் உட்காரக் கூடாது என்றேன்.

அப்புறம் தூக்கம் வரவில்லை. அந்த வீட்டைக் கட்டிய மொய்ஸ் தெ கமோந்தோ நினைவாகவே இருந்தது. இஸ்தான்புல்லில் பிறந்த வங்கிக்காரர். பெற்றோர் வாழ்ந்த வீட்டை இடித்துவிட்டு, வெர்சாயில் இருக்கும் பெத்தி திரியனோன் மாளிகை மாதிரி 1911இல் புதிதாகக் கட்ட ஆரம்பித்தார். உள்ளே எல்லாம் 18ஆம் நூற்றாண்டுச் சாமான். பிரபுக்கள் வீட்டுப் பொருளைச் சேர்த்தால் தன்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. சேர்த்ததெல்லாம் மகன் நிஸிமுக்கு. அவன் 1917இல் போர்விமானத்தில் போனவன், திரும்பவில்லை.

சாப்பாட்டு அறையை ஒட்டிய சின்ன அறை உனக்கு ஞாபகம் இருக்கும். சேவ்ர் ஊர்ப் பீங்கான், தட்டுக்குத் தட்டு பறவைகள். திருப்பினால் அடியில் பறவையின் பெயர் எழுதியிருக்கும். ஒருமுறை துடைக்கும்போது எனக்குக் காட்டினார்கள். அந்தப் பறவைகளுக்கு நடுவே அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாராம். தனியாகச் சாப்பிடுகிறவர்கள் வயிறாரச் சாப்பிட மாட்டார்கள், பாப்பா. ராத்திரிக்கு ரொட்டியும் சீஸும் போதும் என்று இருந்துவிடாதே. ஒரு பிடி சோறு வை.

1935இல் அவர் இறந்ததும் வீடு மகன் பெயரில் நாட்டுக்குப் போனது. ஒரு சாமானும் இடம் மாறக் கூடாது என்பது நிபந்தனை. அதைக் காப்பாற்றத்தான் எனக்குச் சம்பளம். எட்டு வயசில் நீ வந்தபோது பட்டு நாற்காலியில் கை வைத்தாய் என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். வாசல் வரைக்கும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தாய். நாலாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கின பிள்ளை.

அவருடைய மகள் பெயாத்ரிஸைப் பற்றி வருகிறவர்கள் அதிகம் கேட்பதில்லை. வாசலில் கல்வெட்டு இருக்கிறது, பார்க்காமலே உள்ளே போவார்கள். அண்ணன் உயிரைக் கொடுத்தான், அப்பா வீட்டையே கொடுத்தார், குதிரைச் சவாரி, பெரிய இடத்துச் சிநேகிதம் எல்லாம் இருந்தது. யூதர்கள் என்று அவளையும் கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் பிடித்து நாஜிகளின் ஔஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். ஒருவரும் மிஞ்சவில்லை.

நானும் பெரிய இடம் என்றுதான் பார்த்தேன். கடற்கரைப் பக்கம் தூண் வைத்த வீடு, தாத்தா காலத்திலிருந்தே வீட்டுக்குள் பிரெஞ்சு, 14 ஜூலை பிரெஞ்சு தேசிய தின விருந்துக்கு அழைப்பு. கார்தியன் மகளுக்கு இப்படி ஒரு சம்பந்தமா என்று தெருவே பேசியது. எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. உனக்குப் பிடித்திருக்கிறதா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மார்கழியில் விடியற்காலை நாலு மணிக்குப் போன் செய்தாயே. நீ ஒன்றும் சொல்லவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. எனக்குப் புரிந்தது. புரிந்தும், "அனுசரித்துப் போம்மா, நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்றேன். உன் அம்மா இருந்திருந்தால் "கிளம்பி வா" என்றிருப்பாள். என் வாயில் அது வரவில்லை.

எதிர்வீட்டுப் பையன் லீவுக்கு வந்திருக்கிறான். உன் கட்டடத்துக்கு வந்தானாம், நீ இல்லையாம். தபால் பெட்டியில் உன் பெயர் மட்டும்தான் இருந்தது என்றான். நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

சரி. அத்தை வடகம் உருட்டி மாடியில் காயவைத்திருக்கிறாள். நல்ல வெயில். அந்தப் பையன் புதன்கிழமை கிளம்புகிறான், கொடுத்தனுப்பலாம். ஒரு ஆளுக்கா இரண்டு பேருக்கா, அதை மட்டும் சொல். கழுத்தை மூடிக்கொள்.

அப்பா