பார்வதி கிருஷ்ணன் நூலுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். கோவையின் கம்யூனிஸ்ட் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த பார்வதி கிருஷ்ணனின் நாடாளுமன்ற வாழ்வைப் பற்றிய சிறு நூல் ஒருவழியாக அச்சேறி வந்துவிட்டது. நன்றி சொல்ல நூலில் எனக்குக் கிடைத்த இடம் அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்துக்குள் உங்களை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போனேன். பெயர் போடவே வேண்டாம் என்று சிலர் கண்டிப்பாகச் சொன்னீர்கள். ஒருவர் பெயரைப் போட்டு இன்னொருவரை விட்டால் மனத்தாங்கல் வரும். ஆகவே பெயர்களை விட்டுவிட்டு, செய்த உதவிகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

தொடங்கியபோது என்னிடம் இருந்தது குடும்ப வரலாறு மட்டும்தான். அது யாருக்கும் கிடைக்கும். தந்தை பி. சுப்பராயன், திருச்செங்கோட்டுக்கு அருகே உள்ள குமாரமங்கலத்தின் ஜமீன்தார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். பிறகு ராஜாஜி அமைச்சரவையில் அமைச்சர். தாய் ராதாபாய் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். 1938இல் மத்திய மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண். அண்ணன்மாரில் ஒருவர் இந்திய ராணுவத் தலைமைத் தளபதி ஆனார். இன்னொருவர், பின்னாளில் மத்திய அமைச்சரான மோகன் குமாரமங்கலம். 1919இல் பிறந்த ஒரே மகள் பார்வதி, ஆக்ஸ்போர்டில் படித்தவர், கம்யூனிஸ்டாகத் திரும்பி வந்தார். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு நாடாளுமன்றம் எட்டாத இடமா என்றுதான் நானும் எழுதத் தொடங்கினேன். அந்த எழுத்தை வேறு பக்கம் திருப்பியவர்கள் நீங்கள்.

முதல் நன்றி சிங்காநல்லூர்ப் பாட்டிக்கு. பஞ்சாலையில் நூல் சுற்றும் ரீலிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தகரப் பெட்டியிலிருந்து சங்கச் சந்தா ரசீது ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நான்காக மடித்து மடித்து மடிப்புகளில் நூல்விட்ட காகிதம். கார்பன் மை வெளுத்து, தொகை மட்டும் தெரிந்தது. "இதை எதற்கு இத்தனை வருடம் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "கொடுத்த காசுக்குக் கணக்கு வேண்டாமா?" என்றார். வாயிற்கூட்டம் என்றால் என்ன என்பதை எனக்கு விளங்கவைத்தவரும் அவர்தான். ஒரு ஷிப்ட் வெளியே வரும், அடுத்தது உள்ளே போகும். அந்த இடைவெளியில் மில் வாசலில் நின்று பேசி முடித்துவிட வேண்டும். சங்கு ஊதிவிட்டால் ஒருவரும் நிற்க மாட்டார்கள். பேசுகிறவர் ஜமீன் மகளா, தறிகாரர் மகளா என்று பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. பஞ்சப்படியைப் பற்றித் தெரிந்து பேசுகிறாரா, அடுத்த வாரமும் வருவாரா, அவ்வளவுதான். குடும்பச் செல்வாக்குக்குக் கோவையில் இருந்த எல்லையை அவர் சொன்ன பிறகுதான் நான் புரிந்துகொண்டேன். திருச்செங்கோட்டுப் பக்கம் அப்பாவின் பெயர் செல்லும். இங்கே, சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர் நால்வர் 1946 ஜனவரியில் தூக்கிலிடப்பட்ட ஊரில், வாக்கு மில் வாசல் வழியாகத்தான் வரவேண்டும்.

அடுத்து, பழைய நாளிதழ்க் கட்டுகளைத் திறந்துவிட்ட கல்லூரி நூலகருக்கு. வேறொரு நூலகத்தில் 'மேலிடத்து அனுமதி' என்று என்னை அலையவிட்டார்கள். பெயர் சொல்லவில்லை, அவர்களும் ஒருநாள் இந்த நூலைப் பதிவேட்டில் ஏற்றத்தான் போகிறார்கள். நீங்களோ, தொட்டால் உதிரும் 1957ஆம் ஆண்டுக் கட்டை ஒட்டுப்பலகைமேல் வைத்து, தாளைப் புரட்டும் வேலையை எனக்கு விடாமல் நீங்களே புரட்டினீர்கள். கோவை மக்களவைத் தொகுதியின் முடிவு அதில்தான் கிடைத்தது: பார்வதி கிருஷ்ணன், கம்யூனிஸ்ட். திருச்செங்கோட்டில் அதே தேர்தலில் சுப்பராயன், காங்கிரஸ். அதற்கு முன்னும் 1954 முதல் 1957 வரை இருவரும் மாநிலங்களவையில் ஒரே காலத்தில் இருந்தார்கள், வெவ்வேறு வரிசைகளில்.

இந்த இடத்தில் என் அக்காள் மகனுக்கு நன்றி சொல்லாவிட்டால் அவன் வீட்டுப் பக்கம் வரமாட்டான். நாடாளுமன்ற விவாதத் தொகுப்புகளைக் கணினியில் தேடக் கற்றுக்கொடுத்தவன். பகலெல்லாம் அலுவலக வேலை, ராத்திரி மாமனுக்கு வேலை. 1959இல் சுப்பராயன் மத்தியப் போக்குவரத்து, தகவல் தொடர்பு அமைச்சர் ஆன பிறகான பக்கங்களைப் பார்க்க வேண்டும். அமைச்சர் பேசினால் பதவியைப் போட்டு அடைப்புக்குறிக்குள் அவர் பெயர். மகள் எழுந்தால் 'ஸ்ரீமதி பார்வதி கிருஷ்ணன்', அடைப்புக்குறிக்குள் கோவை. இருவருக்கும் இடையில் ஓர் உறவு இருப்பதற்கு அச்சில் எந்தத் தடயமும் இல்லை. அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு, 'குடும்ப அரசியல்' என்று வைத்திருந்த இயலின் தலைப்பை அடித்துவிட்டேன்.

ஆனால் குடும்பம் ஒன்றுமே கொடுக்கவில்லை என்று எழுதிவிடக் கூடாது என்பதற்கு ஒருவர் வேண்டியிருந்தது. அவர் குமாரமங்கலத்தில் கிடைத்தார். வெயிலில் என்னைத் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டிய விவசாயி. அவருடைய பாட்டன் ஜமீன் நிலத்தில் பாடுபட்டவர். கிணற்று மேட்டில் நின்றுகொண்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "அவர்கள் சீமையில் படித்த படிப்பில் எங்கள் பாட்டன் அளந்த வாரமும் இருக்கிறது. அதையும் எழுதுங்கள்." வாரம் என்றால் விளைச்சலில் ஜமீனுக்கு அளந்த பங்கு. எழுதியிருக்கிறேன், ஐயா. நூலில் அதைவிடச் சரியான வாக்கியம் இன்னொன்று இல்லை. நான் எழுதியது இல்லை என்பதால் தயங்காமல் சொல்லலாம்.

மங்களூர் நண்பருக்கும் கடன்பட்டிருக்கிறேன். ராதாபாயின் தந்தை குத்முல் ரங்கராவ் யார் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பள்ளி வைத்ததற்காகச் சொந்தச் சாதியாரின் பகையைச் சம்பாதித்த மனிதர். ஊர் நகர மண்டபம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. வாரிசு என்றதும் அப்பா வழியை மட்டுமே பார்க்கும் நம் பழக்கத்தில் இந்தத் தாத்தா விடுபட்டுப் போயிருப்பார்.

கட்சியில் மூத்த தோழர் ஒருவருக்கு நான் சொல்லும் நன்றி கொஞ்சம் சிக்கலானது. புகைப்படங்கள் கொடுத்தீர்கள், ஆண்டுகளைச் சரிபார்த்தீர்கள். 1962இல் தோற்றதையும், தொகுதி பிறகு கைமாறிக் கைமாறிப் போனதையும் ஒளிக்காமல் சொன்னீர்கள். 1973 மே 31 பற்றி நீங்கள் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது: டெல்லி அருகே விழுந்த அந்த விமானத்தில் மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலமும் இருந்தார், கோவையின் கம்யூனிஸ்ட் உறுப்பினர் கே. பாலதண்டாயுதமும் இருந்தார். பாலதண்டாயுதத்தின் மறைவால் காலியான இடத்துக்குத்தான் 1974 இடைத்தேர்தலில் பார்வதி நின்று வென்றார். அண்ணனைக் கொண்டுபோன அதே விபத்து. இதை வைத்து எத்தனையோ அலங்காரமாக எழுதலாம். நீங்கள் ஒற்றை வரியில் சொல்லிவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனீர்கள். நானும் நூலில் ஒற்றை வரியில்தான் வைத்திருக்கிறேன்.

சிக்கல் அடுத்த இயலில் வந்தது. நெருக்கடி நிலையைக் கட்சி ஆதரித்ததை விரிவாக எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள். எழுதிவிட்டேன். வடக்கே இந்திரா காந்தியின் காங்கிரஸ் துடைத்தெறியப்பட்ட 1977 தேர்தலில், தமிழ்நாட்டில் அ.தி.மு.க., காங்கிரஸ், இந்தியக் கம்யூனிஸ்ட் அணி வென்றது. கோவையில் பார்வதி வென்றதும் அந்த அணியில்தான். அதைச் சொல்லாமல் அந்த வெற்றியைச் சொன்னால் கணக்கு இடிக்கும். மெய்ப்பு பார்த்தபோது நீங்கள் அந்த இயலில் ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்தி அனுப்பினீர்கள், கருத்தில் கைவைக்கவில்லை. அதற்காகத்தான் இந்த நன்றி.

மோகனின் மகன் ரங்கராஜன் குமாரமங்கலம் காங்கிரஸில் சேலத்தையும் பா.ஜ.க.வில் திருச்சியையும் வென்றது தனி நூலுக்கான கதை. அதையும் சேர்க்கச் சொன்ன நண்பர்களின் ஆர்வத்துக்கு நன்றி, சேர்க்கவில்லை.

காந்திபுரத்தில் தட்டச்சும் பக்க அமைப்பும் செய்துகொடுத்த அம்மணிக்கு: நான்காவது தடவை திருத்தம் கொண்டுவந்தபோதும் நீங்கள் முகம் சுளிக்கவில்லை, கூடுதல் காசும் கேட்கவில்லை. நூலட்டையில் 1919 – 2014 என்ற ஆண்டுகளை என் சொல்லுக்கு எதிராகச் சிறிய எழுத்தில் வைத்தீர்கள். நீங்கள் வைத்ததுதான் பார்க்க நன்றாக இருக்கிறது. வீட்டில், மேசை முழுக்க ஒளிநகல்கள் பரப்பியிருந்ததால் பல மாதங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட என் மனைவிக்கு நன்றி சொல்வது உபசாரமாகத் தோன்றும். மேசையைக் காலி செய்துவிட்டேன்.

இரவல் வாங்கிய புகைப்படங்களையும் கடிதங்களையும் தபாலில் அனுப்பமாட்டேன், நேரில் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். ரசீதைப் பாட்டியிடம் போன வாரமே சேர்த்துவிட்டேன். எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு பிரதிகள் எடுத்துவைத்திருக்கிறேன். குமாரமங்கலத்துக்கு மட்டும் ஐந்து. அங்கே படித்துவிட்டுச் சண்டைபோட ஆள் அதிகம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
நூலாசிரியன்
கோயம்புத்தூர்