மாப்பிள்ளையின் கார்டு பாக்கி

தருமபுரி,
புதன்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெங்களூரா மாங்காயைக் கூழ் ஆலைக்காரர்கள் சொன்ன விலைக்கே தள்ளிவிட்டதாக எழுதியிருந்தாய். பழுத்து உதிர்கிற சரக்கை வைத்துக்கொண்டு யார்தான் பேரம் பேச முடியும்? இங்கே எல்லோரும் நலம். மொரப்பூர் - தருமபுரி ரயிலில் உன் பேத்தியாவது வந்து இறங்குவாள் என்று நான் இன்னும் நம்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவன் தேய்த்த கிரெடிட் கார்டில் 1,40,000 ரூபாய் நிற்கிறது, 65,000 கட்டினால் கணக்கை முடித்துவிடலாம் என்று வசூல் ஏஜென்சிக்காரன் சொல்கிறான், கட்டிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். பாதிக்கு மேல் மிச்சம் என்று தங்கச்சிக்கும் சந்தோஷமாம். வேண்டாம் மச்சான். தோட்டத்தோடு இருக்கிற உனக்கு அந்தக் கடன் என்றால் நானே கட்டச் சொல்லியிருப்பேன். அவன் பாங்கில் வேலை பார்க்கிறவன், அதுவும் பதவி உயர்வுக்குப் பெயர் போயிருக்கிற நேரம்.

பாதிப் பணம் வாங்கிக்கொண்டு கணக்கை மூடினால், நாம் வாங்கிய கடனையும் கட்டிய விதத்தையும் குறித்து வைக்கிற சிபில் ரிப்போர்ட்டில் ‘குளோஸ்டு’ (முழுசாக முடிந்தது) என்று விழாது, ‘செட்டில்டு’ என்றுதான் விழும். பார்க்கிறவனுக்கு அதன் பொருள், இவன் முழுசாகக் கட்டவில்லை, மீதியை பாங்கு நஷ்டக் கணக்கில் எழுதியது என்பதே. அந்தப் பதிவு வருஷக்கணக்கில் கிடக்கும். இப்படிச் சமரசம் செய்துகொண்டவருக்கு, விவசாயக் கடன் தவிர மற்றதில், கடன் கொடுத்த நிறுவனம் குறைந்தது 12 மாதத்துக்குப் புதுக் கடன் தரக்கூடாது என்று 2023-ல் ரிசர்வ் பாங்கே விதி போட்டிருக்கிறது.

ரிப்போர்ட்டை நீ பார்த்திருக்க மாட்டாய். ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாசத்துக்கு ஒரு கட்டம். ஒழுங்காகக் கட்டிய மாசத்துக்கு 000. தவறினால் எத்தனை நாள் தவறியது என்று 028, 059, 090 எனக் கட்டம் கட்டமாக ஏறிக்கொண்டே போகும். ஆஸ்பத்திரிக்குக் கட்டினானா, ஹொகேனக்கல் சுற்றுலாவுக்குச் செலவழித்தானா என்று எழுத அங்கே இடமே கிடையாது. நான் வேலையில் இருந்தபோது எங்கள் கிளைக் காசாளர் ஒருவர் சொந்தமாக ஒரு பைசா கடன் வாங்காதவர். மைத்துனனின் டிராக்டர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். அவன் கட்டாமல் விட்டது இவர் ரிப்போர்ட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது.

2025-ல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு ஒன்றை மாப்பிள்ளைக்கு எடுத்துச் சொல். ஸ்டேட் பாங்கில் அதிகாரியாகத் தேர்வான ஒருவரின் நியமனத்தை, சிபில் சரியில்லை என்று பாங்கு ரத்து செய்தது. வேலைக்கான அறிவிப்பு வரும் முன்பே எல்லாக் கடனையும் அடைத்துவிட்டேன் என்று அவர் வாதாடினார். அடைத்தது போதாது, அடைத்த விதமும் சுத்தமாக இருக்க வேண்டும், பொதுமக்கள் பணத்தைக் கையாளும் இடம் இது என்று நீதிமன்றம் பாங்கு பக்கமே நின்றது. கட்டி முடித்தவருக்கே இந்தக் கதி என்றால் பாதி கட்டினவன் நிலைமையை யோசித்துப் பார்.

இது நியாயமா என்று நீ கேட்பாய். பாங்குக்கு நியாயம் என்றே எனக்குப் படுகிறது. கழுத்துவரை கடன் உள்ளவன் கையில் பெட்டகச் சாவியைக் கொடுக்க யாருக்கும் தயக்கம் வரும். ஆனால் ஓசூர் சிப்காட்டில் ஸ்டோர் கீப்பர் வேலைக்குப் போகிற பையனிடமும் சிபில் ரிப்போர்ட் எடுத்து வா என்று சில கம்பெனிகளில் கேட்கிறார்களாம். நட்டு போல்ட்டு எண்ணுகிறவனுக்கு அது எதற்கு? வேலை இல்லாததால்தான் தவணை தவறியது, தவணை தவறியதால் வேலை இல்லை என்றால் அவன் எந்தப் பக்கம் திரும்புவான்?

நம் ஊர்ப் பழக்கமும் இதில் ஒன்று இருக்கிறது. காலையில் வாசலில் வந்து நிற்கிற தண்டல்காரனுக்கு முதலில் கொடுப்போம், சீட்டுப் பணம் அடுத்தது, கைமாத்து அதற்கடுத்தது, சத்தம் போடாத பாங்குக்காரன் கடைசி. ஆனால் தண்டலும் கைமாத்தும் எந்த ரிப்போர்ட்டிலும் ஏறாது. செல்போன் வாங்கிய தவணையில் 600 ரூபாய் மறந்தால் அது ஏறும். வேலை பார்க்கிற பிள்ளைகள் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றித்தான் ஆக வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. கார்டு பாக்கிக்கு வட்டி வருஷத்துக்கு 40 சதவீதத்தைத் தொடும். பாங்கில் நகைக்கடன் அதில் கால்வாசிதான் வரும். நகையை வைத்து முழுத் தொகையையும் கட்டச் சொல். பணம் நேராகக் கார்டு கணக்குக்குப் போக வேண்டும், ஏஜென்சி ஆள் கையிலோ அவன் ஜிபேயிலோ கொடுக்கக் கூடாது. பாக்கி இல்லை என்று சான்று வாங்கியாக வேண்டும். ஒரு மாசம் கழித்து ரிப்போர்ட் எடுத்துப் பார்க்கட்டும்; வருஷத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட் இலவசம், நாமே எடுத்துப் பார்ப்பதால் சிபில் போடுகிற மதிப்பெண் குறையாது. தப்பாக இருந்தால் புகார் கொடுக்கலாம். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

அந்த ஏஜென்சிக்காரன் ராத்திரி ஒன்பது மணிக்குப் பேசுகிறான் என்று எழுதியிருந்தாயே. காலை 8-க்கு முன்னும் மாலை 7-க்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. மாப்பிள்ளையின் ஆபீசில் சொல்வேன் என்று மிரட்டினால் அதையும் எழுத்தில் பாங்குக்குப் புகாராக அனுப்பு. ஆனால் அவன் சொல்வதற்கு முன்னால் மாப்பிள்ளையே மேனேஜரிடம் போய் ஆஸ்பத்திரி பில்லோடு விஷயத்தைச் சொல்லிவிடுவது நல்லது. படிவத்தில் கடன் விவரம் கேட்டால் மறைக்கவே கூடாது. தவணை தவறியதை மன்னித்தாலும் மன்னிப்பார்கள், மறைத்ததை மன்னிக்க மாட்டார்கள்.

உன் தம்பி மகள் தபால் துறையில் இருக்கிறாள் அல்லவா, அவளுக்கும் ஒரு வார்த்தை. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 17-ஆம் விதி இதற்கென்றே இருக்கிறது: ஓயாமல் கடனில் மூழ்கக் கூடாது, கடனுக்காக யாராவது வழக்குப் போட்டால் உடனே துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சீட்டு எடுத்த ஆளுக்கு ஜாமீன் போடும் முன் யோசிக்கச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டணத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வா. கார்டு ஸ்டேட்மெண்டையும் ஏஜென்சி அனுப்பிய கடிதத்தையும் மறக்காதே, அசல் எவ்வளவு, அபராதம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்போம். நகையை வைத்தும் இருபதாயிரம் வரை குறைந்தால் நான் தருகிறேன். அது சிபிலில் ஏறாது, வட்டியும் கிடையாது, ஆனால் உன் அக்காவுக்குத் தெரிந்தே தருவேன்.

அன்புடன்,
உன் மச்சான்