அடிபட்டு வரும் கர்ப்பிணிகளை அலைக்கழிக்காமல் சிகிச்சை அளிக்க ஆணையிடக் கோரும் மனு

அனுப்புநர்: ஓய்வு பெற்ற செவிலியர், பிரசவப் பிரிவு
பெறுநர்: சுகாதாரத் துறைச் செயலாளர் அவர்கள்
பொருள்: காயமடைந்த கர்ப்பிணிகளுக்கான மருத்துவமனை நடைமுறை குறித்து

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கீழே விழுந்தோ, வண்டியில் அடிபட்டோ, வீட்டில் அடி வாங்கியோ வரும் கர்ப்பிணியை எந்தப் பிரிவு பார்ப்பது என்பதில் மருத்துவமனைகளில் தெளிவே இல்லை. அவசரப் பிரிவில், "மாசமா இருக்காங்க, பிரசவ வார்டுக்குக் கொண்டு போங்க" என்பார்கள். அங்கே போனால், "கை உடைஞ்சிருக்கு, முதல்ல அதைப் பார்த்துட்டு வாங்க" என்பார்கள். ஸ்ட்ரெச்சர் இங்கும் அங்கும் போய்க்கொண்டே இருக்கும். பணிக்காலம் முழுக்க இதைப் பார்த்தவள் நான். இரு பிரிவு மருத்துவர்களும் அவள் படுத்திருக்கும் இடத்துக்கே வந்து சேர்ந்து பார்க்க வேண்டும் என்று ஆணையிடுங்கள். என் முதல் கோரிக்கை அதுதான்.

இந்தத் தாமதம் ஏன் ஆபத்து என்றால், கர்ப்பிணியின் உடம்பு ஆபத்தை வெளியே காட்டாது. கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. அதனால் ஒன்றரை லிட்டர் ரத்தம் போன பிறகும் நாடியும் பிரஷரும் சரியாக இருப்பது போலவே தெரியலாம். உடம்பு முதலில் தாயைக் காப்பாற்றப் பார்க்கும். கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும். தாய் தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே குழந்தை திணறிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, குழந்தை பிறக்கும் முன்பே நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரிலிருந்து பிரிவது. பெரிய விபத்துதான் வேண்டும் என்றில்லை, லேசாக விழுந்தாலும் இது நடக்கும். ரத்தம் வெளியே வராமல் உள்ளேயே தேங்கவும் செய்யும். "ஸ்கேன் நார்மல், வீட்டுக்குப் போங்க" என்று அனுப்புவதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன், ஏனென்றால் ஸ்கேனில் இது பாதிக்கு மேல் தெரியாமலே போய்விடுகிறது. குழந்தையின் இதயத்துடிப்பையும் கர்ப்பப்பை இறுகுவதையும் தொடர்ந்து பதிவு செய்யும் சி.டி.ஜி. கருவிதான் இங்கே கைகொடுக்கும். 23 வாரம் தாண்டிய யாரையும் குறைந்தது 4 மணி நேரம் இப்படிக் கண்காணிக்காமல் அனுப்பக் கூடாது. வயிற்று வலி, ரத்தக்கசிவு, அடிக்கடி இறுக்கம் இருந்தால் 24 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். அவசரப் பிரிவிலேயே ஒரு சி.டி.ஜி. கருவியும் அதைப் படிக்கத் தெரிந்த செவிலியரும் இருக்க வேண்டும்.

20 வாரத்துக்கு மேல் மல்லாக்கப் படுக்க வைத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தி இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைத்துவிடும். முதுகெலும்பில் அடி என்ற சந்தேகம் இருந்தால், பலகையோடு சேர்த்து 15 முதல் 30 டிகிரி இடப்பக்கம் சாய்க்கலாம், அல்லது கர்ப்பப்பையைக் கையால் இடப்பக்கம் தள்ளிப் பிடிக்கலாம். ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் இந்தப் பயிற்சி வேண்டும். எக்ஸ்ரே எடுக்கப் பயந்து தாயின் காயத்தைத் தவறவிடுவதும் நடக்கிறது. கதிர்வீச்சால் குழந்தைக்குப் பாதிப்பு பற்றிய கவலை 50 மில்லிகிரேக்கு (மில்லிகிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல்தான். நெஞ்சு எக்ஸ்ரேயில் குழந்தைக்குப் போவது 0.01 மில்லிகிரேயைக் கூடத் தாண்டாது. நெகட்டிவ் ரத்த வகைப் பெண்களுக்கு 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும்; குழந்தையின் ரத்தம் கலந்திருந்தால் அதற்கு எதிராகத் தாயின் உடம்பில் எதிர்ப்பு உருவாகாமல் தடுக்கும் ஊசி இது. எலும்பு முறிவுக்குச் சேர்க்கப்பட்டால் இந்த ஊசி யார் நினைவுக்கும் வருவதில்லை. அதனால் ரத்த வகையைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக, மனம் பொறுக்காமல் எழுதுவது இது. "படியில் விழுந்துட்டேன்" என்று சொல்பவர்கள் எல்லோரும் படியில் விழுந்தவர்கள் அல்ல. கணவரோ மாமியாரோ பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் எந்தப் பெண்ணும் உண்மையைச் சொல்ல மாட்டாள். உடன் வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, ஒரு பெண் ஊழியர் தனியாக, பொறுமையாகக் கேட்பது கட்டாயமாக வேண்டும். சொன்னதை அவள் அனுமதியில்லாமல் குடும்பத்தாரிடம் பேசக் கூடாது. அன்றிரவு அவள் அந்த வீட்டுக்கே திரும்ப முடியாது என்றால் வார்டிலேயே தங்க வைக்கும் அதிகாரம் பணியிலுள்ள மருத்துவருக்கு இருக்க வேண்டும்.

இவற்றை எழுத்துபூர்வமான நடைமுறையாக எல்லா மருத்துவமனைகளுக்கும் அனுப்பி, அவசரப் பிரிவின் வாசலிலேயே ஒட்டச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். செவிலியர்களுக்குப் பயிற்சி தர என்னை அழைத்தால் மகிழ்ச்சியோடு வருவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற செவிலியர்