முழுக்கச் செடியிலிருந்தே ஒரு பேனா

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசல் இயந்திரமான லேத்தில் பூட்டியிருக்கும் அந்தக் கள்ளித் துண்டு அழகுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ரெசின் என்கிற, ஊற்றினால் இறுகும் திரவப் பிளாஸ்டிக்கை ஒரு சொட்டுகூடச் சேர்க்காமல் முழுக்கச் செடியிலிருந்தே ஒரு இங்க் பேனா செய்யப்போகிறேன் என்று எழுதிவிட்டு, அதற்குப் போய் சோல்லா கள்ளியை எடுத்திருக்கிறாயே, அங்கேதான் இடிக்கிறது.

சதை உதிர்ந்து காய்ந்தபின் அந்தக் கள்ளியில் மிஞ்சுவது வலைபோன்ற கூடு மட்டும். அதில் பாதி ஓட்டை. கடையும்போது உளி ஒரு கணம் மரத்திலும் மறுகணம் வெற்றிடத்திலும் மாறி மாறி விழுவதால் ஓட்டைகளின் ஓரமெல்லாம் பிய்ந்துகொண்டு வரும். ஆஸ்திரேலியாவின் பாங்க்சியா காயும் இதே ரகம், விதை இருந்த பள்ளங்கள்தான் அதன் அழகே. அதனால்தான் எல்லோரும் இவற்றை அச்சில் வைத்து வண்ண ரெசினை ஊற்றி, அழுத்தக் கலத்தில் 40 முதல் 60 பிஎஸ்ஐ வரை (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்தக் கணக்கு) காற்றேற்றி, குமிழிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கியபடியே இறுக விடுகிறார்கள். மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிருக்கு இன்னும் ஒரு படி மேலே, வாக்குவத்தில் அதன் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நீர்த்த ரெசினை ஏற்றி அடுப்பில் வைத்துச் சுட வேண்டும். பார்க்கப் பிரமாதமாக இருக்கும், நானே செய்திருக்கிறேன், ஆனால் கடைசியில் கையில் இருப்பதில் செடி எவ்வளவு, பிளாஸ்டிக் எவ்வளவு என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

உன் ஆசைக்குப் பொருத்தம் பனை. மற்ற மரங்களைப் போல அதற்கு வளையங்கள் கிடையாது, ஏனென்றால் அது புல்லுக்கு உறவுக்காரன். மென்மையான வெளிர் சோற்றுக்குள் கருத்த கெட்டியான நார்க்கற்றைகள் செங்குத்தாக ஓடுகின்றன. இந்த நார்கள் தண்டின் வெளிப்பக்கத்தில் நெருக்கமாகவும் நடுவில் வெகு தூரம் தூரமாகவும் இருப்பதால், நடுத்துண்டை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதே, துளை போடும்போதே பொலபொலவென்று உதிர்ந்துவிடும். வெளிவிளிம்பிலிருந்து எடு. நேராக அறுத்தால் நார்கள் நீளக் கோடுகளாகத் தெரியும், கொஞ்சம் சாய்த்து அறுத்தால் அதே நார்கள் வெட்டுப்பட்டுக் கருப்புப் புள்ளிகளாகவும் நீள்வட்டங்களாகவும் மாறி, பேனாவைத் திருப்பத் திருப்ப வடிவம் மாறிக்கொண்டே வரும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஒன்று மட்டும், உளி மழுங்கினால் பனை உடனே காட்டிக்கொடுத்துவிடும், சோறு அமுங்கி நார் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும், அப்புறம் எத்தனை உப்புத்தாள் போட்டாலும் சரியாகாது. அடிக்கடி சாணை பிடி, கடைசிச் சுற்றுகளில் மயிரிழை அளவுக்கே சீவு.

காயாத மரத்தைத் தொடாதே என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. துண்டை வாரம் ஒருமுறை தராசில் வைத்து, எடை இறங்குவது நின்றபிறகு வேலையைத் தொடங்கு. வழக்கமான மரப்பேனாக்களைப் போல ஈரமான துண்டுக்குள் பித்தளைக் குழாயைச் செருகி ஒட்டினால், பிறகு மரம் காய்ந்து சுருங்கும், பித்தளை இம்மிகூட விட்டுக்கொடுக்காது, நீளவாக்கில் விரிசல் விழும்.

இனி முக்கியமான விஷயம். மை படும் இடத்தில் மரம் இருக்கக்கூடாது. நிப்பைச் செருகும் கழுத்தை மரத்தில் கடைந்தால் மை ஊறிக் கறைபடும், ஈரம் ஏறி இறங்கும்போது மரையும், அதாவது திருகும் புரியும், தளர்ந்துவிடும். மூடி அதைவிட மோசம். மரத்தின் நுண்துளைகள் வழியாக மூடிக்குள் காற்று போய்வந்துகொண்டே இருப்பதால் நிப்பில் மை காய்ந்து, மறுநாள் எடுத்தால் எழுதாது. மரப்பேனா வாங்கியவர்கள் நிப்பைத் திட்டுவதைப் பார்த்திருப்பாய், பெரும்பாலும் குற்றம் நிப்பில் இல்லை, உள்ளே உறை போடாத மூடியில்தான்.

அதற்காக அக்ரிலிக் பிளாஸ்டிக்கிற்குப் போய்விடாதே. எபோனைட் இருக்கிறது, அதுவும் செடிதான் என்பதை ஏனோ எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ரப்பர் மரத்துப் பாலில் கந்தகத்தைச் சேர்த்து நெடுநேரம் சூடாக்கியதுதான் அது. சாதாரண ரப்பருக்கு இரண்டு மூன்று சதவிகிதக் கந்தகமே தாராளம், எபோனைட்டுக்கு 30 சதவிகிதம் அளவுக்குப் போகும், அதனால்தான் அந்த இறுக்கம். அமெரிக்காவின் வாட்டர்மேன் 1884-இல் தன் இங்க் பேனாவுக்குக் காப்புரிமை வாங்கிய காலத்துப் பேனாக்களெல்லாம் பெரும்பாலும் இதில்தான் செய்யப்பட்டன. கடையும்போது கந்தக வாடை மூக்கில் ஏறும், சீவல் ரிப்பன் ரிப்பனாக நீளமாக வரும். மரை பிசிறில்லாமல் விழும், மைக்கு அசைந்துகொடுக்காது. வெயில் மட்டும் ஆகாது, கருப்பு மெல்ல மெல்லப் பழுப்பாகிவிடும், ஆனால் உன் பேனாவில் அது உள்ளே ஒளிந்திருக்கப் போவதால் கவலையில்லை. கழுத்து முழுவதும் எபோனைட், மூடிக்குள் ஒரு எபோனைட் உறை, பேரலின், அதாவது பேனா உடலின், வாயில் ஒரு வளையம். மரையை அந்த வளையத்தில் போடு, பனையில் போடாதே, அந்த இடத்தில் சுவர் இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது.

மேல்பூச்சுக்கு உருஷி யோசிப்பதாக எழுதியிருந்தாய். ஜப்பானியர்கள் அந்த மரப்பாலை வைத்துச் செய்திருக்கும் பேனாக்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அது மாமரம், முந்திரி ஆகியவற்றின் குடும்பம், பச்சையாக இருக்கும்போது தோலில் பட்டால் கொப்புளம் போட்டுவிடும், காய்வதற்கும் 70 சதவிகிதத்துக்கு மேல் ஈரப்பதம் உள்ள பெட்டி வேண்டும். முதல் பேனாவுக்கு அதெல்லாம் வேண்டாம் கண்ணா. ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவி, துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மறுபடி தடவு. பளபளப்பு குறைவாகத்தான் இருக்கும், ஆனால் விரலுக்கு மரம் மரமாகவே தெரியும். துடைத்த துணியை மட்டும் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிடாதே, அந்த எண்ணெய் காயும்போது தானே சூடேறித் துணி தீப்பிடித்துவிடும். விரித்துக் காயப்போடு, இல்லாவிட்டால் தண்ணீரில் முக்கி வை.

முகமூடியில்லாமல் லேத்தின் முன் நிற்கிற உன் படத்தைப் பற்றி எழுதவேண்டாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. மரத்தூசி புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே சொல்லிவிட்டது. எபோனைட் தூசியும் ஒன்றும் மருந்தல்ல. வாங்கி மாட்டிக்கொள், அம்மா தொல்லை செய்கிறாள் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

அப்புறம், முழுக்க முழுக்கச் செடி என்கிறாயே, நிப் எஃகுதானே? அதை மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம் என்று நாமிருவரும் ஒப்பந்தம் போட்டுக்கொள்வோம்.

நீ வாங்கியிருப்பது 5ஆம் எண் நிப்பா, 6ஆம் எண்ணா? அதைப் பொறுத்துத்தான் கழுத்தின் துளையும், மூடிக்குள் வரும் உறையின் அளவும். பதில் போடு, உறையை நானே கடைந்து அனுப்பிவிடுகிறேன், உன்னிடம் இருக்கும் துரப்பண ஊசி அதற்குப் பத்தாது.

அன்புடன்
அம்மா