ஜாக் டெய்லரின் குடி அலங்காரம் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த குற்றப் புனைவுகள் பற்றிய கட்டுரையில் கென் ப்ரூவனின் ‘தி கார்ட்ஸ்’ நாவலுக்கு ஒரு பத்தி கிடைத்திருந்தது. பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். ஆனால் கதை டப்ளினில் நடப்பதாகக் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அது கால்வே நகரம். அயர்லாந்தின் மேற்குக் கரையில் காரிப் ஆறு கடலில் கலக்கும் இடம், ப்ரூவன் பிறந்த ஊர். இதைச் சின்னத் தவறு என்று விட எனக்கு மனசில்லை. தலைநகர்க் கூட்டத்தில் ஒருவன் ஒளிந்துகொள்ளலாம். நாவலின் துப்பறிவாளன் ஜாக் டெய்லர் எங்கே குடித்தான், எங்கே விழுந்து கிடந்தான் என்பதெல்லாம் கால்வேயில் நாலு பேருக்குத் தெரியாமல் போகாது.

இன்னொரு விஷயம்தான் என்னை எழுத உட்கார வைத்தது. குடிகாரத் துப்பறிவாளன் என்பது தேய்ந்துபோன அச்சு என்று அந்தப் பத்தி முடிகிறது. மற்ற நாவல்களுக்கு அது பொருந்தலாம். இந்த நாவலில் ஜாக் முன்னாள் போலீஸ்காரன். வேகமாக வந்த காரை நிறுத்தி, உள்ளே இருந்த அரசியல் புள்ளியின் முகத்தில் குத்தியதால் வேலை போனது. சீருடைக் கோட்டைத் திருப்பிக் கொடு என்று துறை கேட்டுக்கொண்டே இருக்கிறது, அவன் கொடுப்பதாக இல்லை. அலுவலகமோ பெயர்ப்பலகையோ கிடையாது. மதுக்கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறான். மகள் தற்கொலை செய்துகொண்டாள் என்பதை ஏற்க முடியாத ஒரு தாய் அங்கேதான் அவனைத் தேடி வருகிறாள்.

பெயர்ப்பலகை இல்லாததற்குக் காரணம் உண்டு. ஒற்று வேலை பார்ப்பவன் அயர்லாந்தில் ஆள்காட்டிக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிறான். ஆங்கிலேய ஆட்சியில் ஊருக்குள்ளிருந்தே ஆள்காட்டிகள் முளைத்தார்கள். 1798 கிளர்ச்சியின் திட்டங்கள் முன்கூட்டியே அரசுக்குப் போனதும் அவர்களால்தான். அந்தச் சொல்லுக்கு இன்னும் அங்கே கசப்பு குறையவில்லை. இப்படி ஒரு மண்ணில் உண்மையைத் தோண்டுகிறவன் எவ்வளவு தனியாள் என்று புரிந்தால் ஜாக்கை அச்சு என்று சொல்ல வராது.

சரி, குடிக்கு வருகிறேன். அவனுடைய குடி எந்த வழக்கையும் தீர்த்து வைப்பதில்லை. நாட்கள் அப்படியே காணாமல் போகின்றன. கண் விழித்தால் மனநல மருத்துவமனை. ப்ரூவனின் பக்கங்களில் வரிகள் ஒரு சொல், இரண்டு சொல்லாக ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கும், மீதி வெள்ளை. என் அண்ணன் போதை மறுவாழ்வு மையத்திலிருந்து திரும்பிய முதல் மாதம் அப்படித்தான் பேசினார். ஒரு சொல், நீண்ட இடைவெளி, அப்புறம் இன்னொரு சொல். அந்த இடைவெளியில் அவர் எதோடு மல்லுக்கட்டுகிறார் என்று எதிரே உட்கார்ந்திருந்த எங்களுக்குத் தெரியும். அச்சிட்ட பக்கத்தில் அதை நான் முதன்முதலில் பார்த்தது இந்த நாவலில்தான்.

முதல் நாவலோடு நிறுத்தியவர்கள், ஜாக் டெய்லர் நாவல் வரிசையில் மூன்றாவதான ‘தி மேக்டலன் மார்ட்டர்ஸ்’ வரைக்குமாவது போக வேண்டும். கன்னியாஸ்திரீகள் நடத்திய சலவைக்கூடங்களில் அடைக்கப்பட்டு, கூலியில்லாமல் வேலை வாங்கப்பட்ட பெண்களின் நிழல் அந்தக் கதை முழுக்க விழுந்து கிடக்கிறது. 1922க்குப் பிறகு மட்டும் ஏறக்குறைய 10,000 பெண்கள் அவற்றுக்குள் போனார்கள். கடைசிக் கூடம் மூடப்பட்டது 1996இல். நாவல் வந்தது 2003இல். அப்போதைய பிரதமர் எண்டா கென்னி நாடாளுமன்றத்தில் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்க 2013 ஆனது. வெறும் பொழுதுபோக்கு என்று நாம் தள்ளிவைக்கும் வகை எழுத்து, அரசுக்குப் பத்து வருடம் முன்பே அதைப் பேசியிருக்கிறது.

ப்ரூவன் 2025 மார்ச்சில் காலமானார். அவருக்கு ஒரு பத்தி போதாது, தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள். ‘தி கார்ட்ஸ்’ தமிழில் வர வேண்டும் என்ற ஆசையும் எனக்கு உண்டு. யாராவது மொழிபெயர்க்க முன்வந்தால் ஒரே ஒரு வேண்டுகோள்: படிக்க வசதியாக இருக்கட்டும் என்று அந்த உடைந்த வரிகளை ஒட்டிப் பத்திகளாக்கிவிடாதீர்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
தஞ்சாவூர்