‘பரம்பரை’ என்று ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பகுதியில் வெண்புள்ளி பற்றி வந்தது நல்ல கட்டுரை. தொற்றாது, தொழுநோய்க்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று அழுத்திச் சொன்னதற்கு நன்றி. ஆனால் நடுவில் ‘இது பரம்பரை நோய்’ என்று ஒரு வரி. அந்த வரிக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, படம் பிடித்து, மாப்பிள்ளை வீட்டார் எங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். என் அண்ணன் மகளுக்குப் பேசி முடிக்க இருந்த இடம். அவள் உடம்பில் ஒரு புள்ளி கிடையாது. புள்ளி எனக்கு. நான் அவளுக்கு அயித்தை.

எங்கள் பக்கம் சம்பந்தம் பேச உட்கார்ந்தால் முதல் கேள்வியே ‘எந்தக் கோவில், எந்தப் பிரிவு’ என்பதுதான். பங்காளி என்று தெரிந்தால் காப்பி ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிடும். இப்படிப் பழகிய ஊரில் ‘பரம்பரை’ என்று அச்சில் வந்தால் மேல்முறையீடு ஏது?

அந்தச் சொல் முழுப் பொய் என்று நான் சொல்லவில்லை. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பகையாக நினைத்து அழிக்கிறது. அதற்கு ஏதுவான மரபணு இடங்கள் ஐம்பதளவில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. எச்.எல்.ஏ., பி.டி.பி.என்.22, என்.எல்.ஆர்.பி.1 என்று பெயர்கள் நீளும். பெரும்பாலும் ஒவ்வொன்றின் பங்கும் சிறியது. சில, தைராய்டுக் கோளாறுக்கும் முதல் வகைச் சர்க்கரை நோய்க்கும் பொதுவானவை. நான் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுவதை யாரும் பரம்பரை என்று பேசியதில்லை. அது வெளியில் தெரியாதல்லவா!

டி.ஒய்.ஆர். என்ற மரபணு இன்னும் வேடிக்கை. வெண்புள்ளிக்கு வழிவிடும் அதன் ஒரு வகை, மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் அபாயத்தைக் குறைக்கிறது.

ஆனால் நீங்கள் எழுதாமல் விட்டது இதுதான். மரபணு அச்சாக ஒன்றாகவே இருக்கும் இரட்டையரில் ஒருவருக்கு வெண்புள்ளி இருந்தால், மற்றவருக்கும் இருந்தது 23% பேரில்தான் என்று 2003இல் வெளிவந்த ஆய்வு கண்டது. உடன்பிறந்தவருக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஆறு சொச்சம். உலகில் எல்லோருக்கும் பொதுவாகவே நூற்றுக்கு ஒன்றை ஒட்டி இருக்கிறது. அயித்தைக்கு இருந்தால் மருமகளுக்கு எவ்வளவு? நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மிச்சம் வெளியிலிருந்து வருகிறது. எனக்கு 31 வயதில் நெற்றியில், ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில், பொட்டளவுக்கே வெளுத்தது. சில பொட்டுகளின் பசையில் உள்ள ஒரு ரசாயனம் நிறச் செல்லைக் கொல்லும் என்று டாக்டர் சொன்னபோதுதான் தெரியும். பொட்டை நிறுத்தினேன், ஆனாலும் ஆறு மாதத்தில் விரல் நுனிகளுக்கு வந்துவிட்டது. என் ஆத்தாவோ கடைசிவரை மீனையும் தயிரையும்தான் குற்றம் சொன்னார். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் ஒருவருக்கும் இல்லை. பரம்பரையை நான்தான் தொடங்கிவைத்தேன் போலும்.

வரும் இதழில் அந்த 23ஐயும் போடுங்கள். அதே பெரிய எழுத்தில் போட்டால் நல்லது. சிவப்புப் பேனா எங்கள் வீட்டிலும் இருக்கிறது.

ஒரு வாசகி,
பள்ளத்தூர்.