கனோலா விதை: எடைக்கா, எண்ணிக்கைக்கா?

ஆசிரியருக்கு,

கனடாவில் கனோலா (கடுகு இனத்து எண்ணெய்வித்துப் பயிர்) விதை விலை ஏறுவது பற்றிய பேச்செல்லாம் பை விலையோடு நின்றுவிடுகிறது. பைக்குள் எத்தனை விதை என்பதுதானே அசல் கணக்கு? 22.7 கிலோ பையில், ஆயிரம் விதை 4 கிராம் இருந்தால் சுமார் 57 லட்சம் விதை. 6 கிராம் இருந்தால் 38 லட்சம்கூட வராது. காசு மட்டும் அதேதான்.

சதுர அடிக்கு 6 செடி நிற்க வேண்டும், முளைத்துத் தப்புவது 60 விழுக்காடு என்று வைத்தால், 5 கிராம் ரகம் ஏக்கருக்கு ஏறக்குறைய 2.2 கிலோ பிடிக்கும். ஒரு பை 10 ஏக்கருக்குத்தான் சரி. ஓர் அங்குலத்துக்குமேல் ஆழமாக விதைத்தாலோ, விதைச் சாலிலேயே உரத்தை அள்ளிப் போட்டாலோ முளைப்பு இன்னும் விழும். செடி அடர்த்தியின்றி நிற்கும் வயலில், இளஞ்செடியின் இலையைத் தின்னும் தெள்ளு வண்டின் சேதமும் கூடும். மருந்துச் செலவு தனி.

வீரிய ஒட்டு ரகம் என்பதால் அறுவடையில் எடுத்துவைத்து விதைக்கவும் வழியில்லை: அடுத்த தலைமுறையில் குணம் பிரிந்துவிடும், விதை நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தமும் தடுக்கும். போதாக்குறைக்கு 2022 மார்ச் முதல் ரஷ்யாவிலிருந்து வரும் உரத்துக்குக் கனடாவில் 35 விழுக்காடு இறக்குமதி வரி.

விதையை எண்ணிக்கைக் கணக்கில் விற்கட்டும். அதுவரை, ஆயிரம் விதை எடையைக் கேட்காமல் யாரும் முன்பணம் கட்ட வேண்டாம்.

– கனோலா விவசாயிகள் சிலர், சஸ்காச்சுவான்